குரல் கேட்டால் மட்டும் திறக்கவும்

அத்தான் வீட்டு வாசலில் நான் போய் நின்றபோது பகல் மூன்று மணி. அழைப்பு மணியை அமுக்கினேன். அதற்கு உயிர் இல்லை. கதவைத் தட்டினேன். மறுபடி தட்டினேன். மூன்றாம் முறை கை வலிக்கத் தட்டியும் உள்ளே அரவமே இல்லாததால் போன் போட்டேன்.

"வாசல்லதான் நிக்கிறேன் அத்தான்."

"அட, குரல் கொடுக்கிறதுதானேம்மா!"

கதவு திறக்கும்போது 'ப்ப்' என்று ஒரு சத்தம் வந்தது, ஊறுகாய் பாட்டில் மூடி திறந்த மாதிரி. இரட்டைக் கதவு. விளிம்பு முழுக்கக் கறுப்பு ரப்பர் பட்டை. உள்பக்கம் ஸ்பாஞ்சு ஒட்டி, அதன் மேல் ரெக்சின் அடித்திருந்தது. தெருவில் லாரி போனாலும் உள்ளே கேட்காது. "உலகத்தோட இரைச்சல் வசனத்துக்குள்ள வரக்கூடாது பாரு" என்றார். வகுப்பு நேரத்தில் யாரும் அடிக்கக் கூடாதென்று அழைப்பு மணியின் வயரையும் அவரே பிடுங்கிவிட்டிருந்தார்.

அந்தக் கதவின் வெளிப்படியில்தான் அறுபத்தொரு நாளைக்கு முன்பு என் அக்கா இறந்துபோனாள். நான் படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தேன். அவர் அதன் மேல் நின்றுகொண்டே எனக்கு வழிவிட்டார்.

அத்தானை நானும் அக்காவும் எங்களுக்குள் 'முத்திரை' என்று சொல்வோம். எடைக்கற்களுக்கும் தராசுகளுக்கும் முத்திரை குத்தும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். குத்துவதற்கு முன் அவர் எதையாவது நிறுத்துப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற மறுவாரமே பைபிளின் கடைசிப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். உலகத்தின் முடிவைச் சொல்லும் அந்தப் புத்தகத்தில் ஏழு முத்திரைகள் வருகின்றன. தனக்காகவே காத்திருந்த பதவி உயர்வு என்று நினைத்திருப்பார்.

கூடத்துச் சுவரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காலப்படம் ஒட்டியிருந்தது. வாசல் பக்கம் ஏழு சபைகள், நடுவில் முத்திரைகள், எக்காளங்கள், கோபக் கலசங்கள், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் புதிய நகரம். ஆயிர வருட அரசாட்சி வரும் இடத்தில் சுவிட்ச் போர்டு இருந்ததால், அந்த அரசாட்சிக்கு மட்டும் நடுவில் ஒரு ஃபேன் ரெகுலேட்டர். இருபத்து நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். சிம்மாசனத்தைச் சுற்றி இருபத்து நான்கு மூப்பர்கள் என்று எழுதியிருப்பதால் அந்த எண்ணிக்கை. வகுப்புக்கு வருவது ஒன்பது பேர். மீதிப் பதினைந்தையும் அக்கா தினமும் துடைத்து வைப்பாள்.

இப்போது அவற்றின் மேல் தூசி.

"முதல் வால்யூம் அச்சுக்குப் போகணும்மா" என்றார். "முதல் மூணு அதிகாரம். வகுப்பெல்லாம் ரெக்கார்டு பண்ணியிருக்கேன். நீ கோர்ட்டுல செய்யற வேலைதான். கேட்டு டைப் அடிச்சுக் குடு. ஒலிப்பதிவு மட்டும் வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது. பரிசுத்த ஆவியோட அபிஷேகம் இருக்கு அதுல."

நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. அவருடைய அபிஷேகத்துக்காக நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பதிவுகளில் எங்காவது அக்கா இருப்பாள். "டீ" என்றாவது சொல்லியிருப்பாள். அதைக் கேட்கத்தான் வந்தேன்.

பக்கத்து அறையில் உட்கார்ந்தேன். காதில் ஹெட்ஃபோன், காலடியில் பெடல். அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். எங்கள் வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. பேச்சை மட்டும் எழுதினால் போதாது. காதில் விழுவதெல்லாம் அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். (இருமல்). (நாற்காலி நகரும் சத்தம்). ஒருமுறை நான் எழுதிய (பதில் இல்லை) என்ற இரண்டே வார்த்தையில் ஒரு வழக்கின் போக்கே மாறியது.

நான்கு நாள் கேட்டேன். மனிதர் விளக்கம் சொல்வாரே, அப்படி ஒரு விளக்கம்! ஏழு சபைகளுக்கு எழுதிய ஏழு கடிதங்களை ஏழு யுகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு யுகத்துக்கும் தேதி போட்டு, கடைசி யுகத்தின் கடைசி மூலையில் தன் வீட்டுக் கூடத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தார். குளிருமில்லாமல் அனலுமில்லாமல் வெதுவெதுப்பாக இருந்த சபையைப் பற்றி மட்டும் மூன்று வகுப்பு. அதில் இரண்டாவது வகுப்பில்தான் அக்கா வந்தாள். கோப்பை வைக்கும் சத்தம். ஒரு மடக்குக் குடிக்கும் சத்தம்.

"இதோ பாருங்க" என்கிறது அவர் குரல். "வெதுவெதுப்புன்னா என்னன்னு என் வீட்டுக்காரி எக்ஸாம்பிளோட கொண்டாந்திருக்கா. இப்படி இருந்தா என்ன பண்ணுவார் ஆண்டவர்? துப்பிடுவார்!"

ஒன்பது பேரும் சிரித்தார்கள்.

"சூடு பண்ணித் தரேங்க" என்றாள் அக்கா.

பெடலிலிருந்து காலை எடுத்தேன். பிறகு எழுதினேன்: (சிரிப்பு).

ஐந்தாம் நாள் அந்தப் பதிவு வந்தது. தேதியைப் பார்த்தேன். அக்கா இறந்த நாள்.

அத்தான் எங்களிடம் சொல்லியிருந்தது இதுதான்: "வகுப்பு முடிஞ்சு கதவைத் திறந்தேன். கடைக்குப் போனவ படியில கிடந்தா. ஒரு நொடிதான். வலியே தெரிஞ்சிருக்காது. கிருபை." நான் அதை நம்பினேன். நம்பத்தான் வேண்டியிருந்தது.

ஆண்டவர் வாசற்படியில் நின்று தட்டுவதைப் பற்றிய வசனம் அன்றைய பாடம். 'நிற்கிறேன்' என்ற ஒற்றைச் சொல்லிலேயே பத்து நிமிடம் ஓட்டியிருந்தார். எந்த மரத்துக் கதவு, எந்தப் பக்கம் கீல், எல்லாம் ஆயிற்று. "இந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. உள்ள இருக்கிறவன் மனசு வச்சாத்தான்…"

(கதவு தட்டும் சத்தம், மூன்று முறை)

(சிரிப்பு)

"ஐயா, வசனமே நேர்ல வந்து தட்டுதுங்க!" இது பல் டாக்டர். ஐயா சொன்ன எல்லாவற்றுக்கும் முதலில் வியப்பவர்.

"யாரோ நிக்கிறாங்க போல…" இது லிஃப்ட் மெக்கானிக். கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவர் தொழில். (நாற்காலி நகரும் சத்தம்).

"உட்காருப்பா! வசனம் முடியாம எழுந்திருக்கக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கேன்ல? எல்லாரும் கவனிங்க. இது ரொம்ப ஆழமான பாயிண்ட். தட்டினா திறன்னு இந்த வசனத்துல எங்க இருக்கு? என் குரலைக் கேட்டுத் திறந்தால்னுதான் இருக்கு. குரல்! தட்டறதுக்குத் திருடனும் தட்டுவான். இப்ப தட்டினாங்க. குரல் கேட்டுச்சா?"

"இல்லீங்க" என்றார்கள் எல்லோரும்.

"அப்போ?"

"திறக்கக் கூடாதுங்க."

(கதவு தட்டும் சத்தம், நான்கு முறை)

ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவசரத் தட்டல் இல்லை. கெஞ்சுகிற மாதிரி, கொஞ்சம் விட்டு விட்டு. மூன்று. ஐந்து. நடுவில் வெகுநேரம் ஒன்றுமில்லை. இரண்டு. மறுபடி மூன்று. சத்தம் வரவரக் கீழே இறங்கியது. முதலில் ஆள் உயரத்திலிருந்து வந்தது, பிறகு இடுப்பு உயரத்திலிருந்து. இரண்டு. கடைசி ஒன்று தட்டலே இல்லை. கதவின் அடியில் நகம் உரசும் சத்தம்.

இருபத்து மூன்று. முதலாவதிலிருந்து கடைசி வரை பத்தொன்பது நிமிடம்.

அதற்குப் பிறகும் அவர் முப்பத்தொரு நிமிடம் பேசினார். கதவு திறந்ததும் உள்ளே வந்து கூட அமர்ந்து உண்ணும் விருந்தைப் பற்றி.

அக்காவின் கைபேசி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். வகுப்பு நாளில் வீட்டிலிருக்கும் எல்லாக் கைபேசியும் கூடத்து மூலையில் துணிக்கூடைக்குள் போக வேண்டும் என்பது சட்டம். எழுந்துபோய்ப் பார்த்தேன். கூடையின் அடியில் இன்னும் கிடந்தது. சார்ஜ் செத்துப்போய், அறுபத்தைந்து நாளாக. எடுத்து வைக்கக்கூட ஒருவருக்கும் கை வரவில்லை.

வகுப்புக் குறிப்புகளுக்கு அக்கா நகல் எடுக்கும் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது.

"அஞ்சு பக்கம், இருபத்து நாலு செட்டுங்க. 'வர்றது ஒன்பது பேர்தான்'னு அவங்களே சொல்லிச் சிரிச்சாங்க. 'அப்ப ஒன்பது எடுத்துட்டுப் போங்களேம்மா'ன்னேன். 'எண்ணிப் பார்ப்பாரு'ன்னாங்க. மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கொட்டுது. ஸ்டூல் போட்டேன். உட்கார்ந்துக்கிட்டே இருபத்து நாலுக்கும் அவங்களே பின் அடிச்சாங்க. இடது கைக்காரங்கல்ல, பின்னெல்லாம் வலது மூலையில. கிளம்பறப்ப நாலு அஞ்சு. 'நாலு மணிக்குக் கதவைச் சாத்திடுவாரு'ன்னு பதறிக்கிட்டே போனாங்க. மிஷின்ல இருந்து வந்த சூடு ஆறல. அந்தக் கட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு."

ஒன்பது எடுத்திருந்தால் நாலுக்கு முன்னால் வீடு வந்திருப்பாள். காலி நாற்காலி பதினைந்துக்கு நகல் எடுக்கப்போய் என் அக்கா செத்தாள்.

மறுநாள் அந்த அத்தியாயத்தை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் சிவப்புப் பேனாவோடு படித்தார்.

"இது என்ன, அங்கங்க அடைப்புக்குறி?"

"காதுல விழுந்தது."

"புத்தகத்துக்கு வேண்டாம்."

"அது அக்கா, அத்தான்."

பேனா கொஞ்சம் நின்றது. கொஞ்சம்தான். "யாருன்னு எப்படிச் சொல்ற? குரல் இல்லையே. தெருப் பசங்களா இருக்கும்."

"குரல் கொடுக்க மூச்சு இருந்திருக்காது. இருந்தாலும் உங்க ரப்பர் விட்டிருக்காது."

"பாரும்மா, துக்கத்துல பேசற. நான் உன்னைவிட அதிகமா இழந்தவன். ஆனா ஊழியம்னு ஒண்ணு இருக்கு."

"இதே புத்தகத்தோட கடைசி அதிகாரத்துல, இதுல ஒண்ணைக் கூட்டக் கூடாது, ஒண்ணை எடுக்கக் கூடாதுன்னு எச்சரிக்கை இருக்கே. எடுத்தா என்ன ஆகும்னு நீங்களே ஒரு வகுப்பு எடுத்திருக்கீங்களே."

"அது வேதத்துக்கு. உன் டைப்பிங்குக்கு இல்ல." சொல்லிக்கொண்டே முதல் அடைப்புக்குறியை ஒரே இழுப்பில் அடித்தார்.

வாசல் கதவு மூன்று முறை தட்டப்பட்டது.

இருவரும் நிமிர்ந்தோம். பட்டப்பகல், பதினொரு மணி.

"யாரு?" என்றார்.

பதில் இல்லை.

தாளைத் திருப்பினார். இரண்டாவது அடைப்புக்குறி. (நான்கு முறை). அடித்தார்.

நான்கு.

"மரம்" என்றார். "வெயிலுக்கு மரம் இப்படித்தான் சத்தம் போடும்." அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. ஆனாலும் நிறுத்தவில்லை. தான் குத்திய முத்திரை தப்பென்று ஒத்துக்கொண்டு பழக்கமில்லாத கை அது. அடித்தார். மூன்று. அடித்தார். ஐந்து. அறைக்குள் ஒரு வாசனை வந்தது. மிஷினிலிருந்து அப்போதுதான் வந்த தாளின் சூட்டு வாசனை, மையும் தூளும் வெந்த மாதிரி. அந்த வீட்டில் இருந்த ஒரே பிரிண்டர், இந்த வேலைக்காக நான் கொண்டுவந்து என் அறையில் வைத்தது. அதை நான் காலையிலேயே அணைத்துவிட்டிருந்தேன்.

கடைசி அடைப்புக்குறியை அடித்தபோது கதவின் அடியில் நகம் உரசியது.

அவர் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய்த் திறந்தேன். யாருமில்லை. தெரு காலியாக இருந்தது. படியில் உட்கார்ந்து கை வைத்துப் பார்த்தேன். நிழல் விழும் படி, கல் சில்லென்று இருந்தது. நடுவில் மட்டும் ஒரு தாள் அகலத்துக்கு, ஒரு தாள் நீளத்துக்கு, வெதுவெதுப்பாக.

"ஒண்ணும் இல்லல்ல?" என்று உள்ளேயிருந்து கேட்டார். "சரி, அந்த வகுப்பை மறுபடி எடுத்துடறேன். சுத்தமா ரெக்கார்டு பண்ணி, அதைப் புத்தகத்துல போடு. ஒன்பது பேரையும் வரச்சொல்லு."

"சரி அத்தான்" என்றேன். என் குரலில் இருந்த பணிவு எனக்கே புதிதாக இருந்தது. ஒன்பது பேரும் அதே நாற்காலிகளில் அதே கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன்.

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, அதே வகுப்பு மறுபடி என்று சொன்னேன். "அன்னிக்கு எழுந்தேங்க" என்றார். "உட்காருன்னாரு. உட்கார்ந்துட்டேன்."

வியாழக்கிழமை நாலு மணி. கதவு 'ப்ப்' என்று சாத்தியது. கைபேசிகள் கூடைக்குள் போயின, அக்காவின் கைபேசிக்கு மேல். நான் ரெக்கார்டரை அவர் மேஜையில் வைத்து சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். பல் டாக்டர் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார். பக்கத்தில் கணக்கு டீச்சர். கடைசி யுகம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று நோட்டுப் போட்டுக் கழித்துக்கொண்டு வருபவர்.

அத்தான் நன்றாகத்தான் பேசினார். மரம். கீல். 'நிற்கிறேன்'. "இந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. உள்ள இருக்கிறவன் மனசு வச்சாத்தான்…"

மூன்று தட்டு.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"ரெக்கார்டரை நிறுத்தும்மா."

நான் நிறுத்தவில்லை.

நான்கு தட்டு. காலப்படத்தின் வாசல் பக்கத்து ஓரம் லேசாகப் படபடத்தது. ஃபேன் ஓடவில்லை.

"ஐயா" என்றார் கணக்கு டீச்சர், குரல் அமுங்க. "அன்னிக்கும் இதே இடத்துலதான்…"

"அன்னிக்குத் தட்டினது என் அக்கா" என்றேன். "பத்தொன்பது நிமிஷம். இருபத்து மூணு தட்டு. எண்ணி வச்சிருக்கேன்."

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவர் முகத்திலாவது அதிர்ச்சி தெரியும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. தரையைப் பார்த்தார்கள், நகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது புதுச் செய்தியே இல்லை. அன்று கதவைத் திறந்த நொடியிலேயே ஒன்பது பேருக்கும் தெரிந்திருக்கிறது. அறுபது நாளுக்கு மேலாகத் தெரிந்துகொண்டே வந்து, உட்கார்ந்து, குறிப்பெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மூன்று தட்டு.

"போதும்!" அத்தான் எழுந்தார். அவர் முகம் கருத்திருந்தது. "யாரு விளையாடறதுன்னு பார்த்துடறேன்." விடுவிடுவென்று போய்க் கதவை அகலத் திறந்தார். வெயில் உள்ளே விழுந்தது. வெளியே இறங்கிப் படியில் நின்று, எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்தார். "பாருங்க! யாரு இருக்கா? காலி! ஒண்ணுமே…"

கதவு சாத்திக்கொண்டது.

காற்று இல்லை. யாரும் தொடவில்லை.

ப்ப்.

கூடத்தில் தாள் சூட்டின் வாசனை நிறைந்தது.

பிறகு வெளியிலிருந்து தட்டல் வந்தது. மூன்று. கனமான கை, மோதிரம் போட்ட கை. அத்தானுடையது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நான்கு.

"குரல்…" என்றார் பல் டாக்டர். "குரல் கேக்கலையே."

கிண்டலாகச் சொல்லவில்லை அந்த ஆள். மெய்யாகவே, பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பு எனக்குள் இருந்ததென்று அதற்கு முன் தெரியாது.

லிஃப்ட் மெக்கானிக் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நானும் அவர் கூடவே போனேன். இருவரும் கைப்பிடியைப் பிடித்தோம்.

பித்தளை சுட்டது.

என் கையின் மேல் இன்னொரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இருந்தது. உலர்ந்த, சூடான உள்ளங்கை. தெருவைக் கடக்கும்போது, இருடி, லாரி வருது என்று பிடித்து நிறுத்துவாளே, அதே பிடி. வலிக்கவில்லை. அசையவும் விடவில்லை.

"என்னமோ பிடிச்சிருக்குங்க" என்று மெக்கானிக் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

நான் அங்கேயே நின்றேன். என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேனா என்று யாராவது கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். எண்ணினேன். அது எனக்குத் தெரிந்த வேலை. பத்து. பதினைந்து. நடுவில் வெகுநேரம் ஒன்றுமில்லை. பதினேழு. சத்தம் ஆள் உயரத்திலிருந்து இடுப்புக்கு வந்தது. இருபது. பின்னால் கணக்கு டீச்சர் விசும்பினார். இருபத்திரண்டு.

கதவின் அடியில் நகம் உரசியது.

என் கையின் மேலிருந்த பிடி விட்டது.

திறந்தேன். அத்தான் படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். செத்துப்போகவில்லை. வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. காற்று வந்தது. குரல் வரவில்லை. மடியில் ஒரு தாள் கட்டு, ஆவி பறக்காத குறை. இருபத்து நாலு செட், ஐந்தைந்து பக்கம். அவருடைய குறிப்புகள்தான்.

பின்னெல்லாம் வலது மூலையில்.

தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று மூன்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். டீ வேண்டுமென்றால் மேஜையைத் தட்டுகிறார். வேலைக்கு வரும் அம்மா சில சமயம் உடனே வருகிறாள், சில சமயம் வருவதில்லை. பல் டாக்டர் தன் கிளினிக் மாடியில் சொந்தமாக வகுப்பு தொடங்கிவிட்டார். நாலாம் அதிகாரத்திலிருந்து எடுக்கிறாராம், மூன்று முடிந்துவிட்டது என்று. லிஃப்ட் மெக்கானிக் ஒருநாள் கருவிப்பையோடு வந்து, யாரையும் கேட்காமல், அந்தக் கதவின் ரப்பரையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டுப் போனார்.

முதல் வால்யூமை நானே அச்சுக்குக் கொடுத்தேன், இருபத்து மூன்று தட்டும் அதனதன் இடத்தில் இருக்க. வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் குரல் இல்லை.

அதற்கு முன் அந்த வியாழக்கிழமைப் பதிவையும் கேட்டு எழுத வேண்டியிருந்தது. தொழில் என்றால் தொழில். அவர் பேச்சு இருந்தது. அக்கா தட்டியது இருந்தது. நான் சொன்னது இருந்தது. கதவு சாத்திய 'ப்ப்' இருந்தது. அதிலிருந்து பத்தொன்பது நிமிடம் அவர் தட்டியது மட்டும் இல்லை. ஒன்றுகூட இல்லை. என் சிரிப்பு கேட்டது. நாற்காலி விழுந்தது கேட்டது. டீச்சரின் விசும்பல் கேட்டது.

பிறகு, மைக்குக்கு வெகு பக்கத்தில், கோப்பையை வைக்கும் சத்தம்.

பதறாத குரல். வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்தவளின் குரல்.

"யாரும் எழுந்திருக்காதீங்க. வசனம் இன்னும் முடியல."

பெடலை விட்டேன். ஆனாலும் பதிவு நிற்கவில்லை.

"குட்டி, நீ எல்லாத்தையும் எழுதிக்கோ."

எழுதினேன், அக்கா. பேசுபவர் பெயர் எழுதும் இடத்தில் 'அக்கா' என்றே போட்டேன். அது போதாதென்று, உட்கார்ந்து இதையும் முதலிலிருந்து கடைசி வரை எழுதிவிட்டேன்.

இதை நான் இன்னும் அச்செடுக்கவில்லை. பிரிண்டரின் வயர் சுவரிலிருந்து பிடுங்கித்தான் கிடக்கிறது. ஆனால் மேஜை ஓரத்தில் இருக்கிறது, கட்டாக, தொட்டால் சுடுகிற சூட்டில். எண்ணிப் பார்த்தேன்.

இருபத்து நாலு செட்.